ஈப்போவில் ஓடாத வீடியோ

விழுப்புரம் சந்திப்பில் இறங்கியபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் என் துணிகளும் கருத்தரங்கில் வாசிக்க வேண்டிய கட்டுரையும். மற்றதில் கோடாலித் தைலம், மைலோ, பெரிய பெரிய பிஸ்கட் டின்கள். இரண்டாவது பை என்னுடையது அல்ல, ஏழுமலையுடையது. படியேறி மேம்பாலத்தைக் கடப்பதற்குள் அந்த மனிதரை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டேன்.

ஏழுமலை மலேசியாவில், ஈப்போவில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கடையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்கு மாவு வீசுகிறவர். திண்டிவனம் பக்கத்து ஆள். நான் கல்லூரியில் சட்டம் நடத்துகிறேன், அதிலும் குறிப்பாகப் பதிப்புரிமை. அந்தச் சட்டத்தை இணைய காலத்துக்கு ஏற்றபடி எப்படித் திருத்துவது என்று பேச விழுப்புரத்தில் ஒரு கல்லூரி என்னை அழைத்திருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் ஏழுமலை கல்லை அணைத்துவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கடையில் கூட்டம் இருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குச் சில நாள் முன்புதான் ஊரில் அவருடைய அம்மா இறந்திருந்தார். வேலை பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், பாஸ்போர்ட் கையில் இல்லை, போக முடியவில்லை. அவர்கள் பக்கத்து வழக்கப்படி அப்பனுக்குத் தலைப்பிள்ளையும் ஆத்தாளுக்குக் கடைப்பிள்ளையும் கொள்ளி வைக்க வேண்டும். ஏழுமலைதான் கடைப்பிள்ளை. அவருக்குப் பதிலாக அண்ணன் தனசேகர் வைத்தார். சாவு எடுப்பதைத் திண்டிவனத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் இணையத்தில் நேரலையாகப் போட்டார். கடை மூடியதும் அறையில் நிதானமாகப் பார்க்கலாம் என்றிருந்த ஏழுமலைக்குக் கிடைத்தது கறுப்புத் திரை. 'இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

வரவில்லை என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. திண்டிவனத்தில் ஓடுகிறது, பெங்களூரில் ஓடுகிறது, துபாயில் மச்சான் பார்த்திருக்கிறான், இவனுக்கு மட்டும் ஓடவில்லையாம். கறுப்புத் திரையைப் படம் பிடித்து அனுப்பியும் பலனில்லை. பெற்றவளைப் பார்க்க வரவும் இல்லை, பார்க்கவும் மனமில்லை, இப்போது சாக்கு சொல்கிறான் என்று அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார்.

"நீங்க இதத்தான டீச்சர் பாடம் எடுக்கறீங்க?" என்றார் ஏழுமலை. "வேற ஒண்ணும் வேணாம். நான் பொய் சொல்லலன்னு எங்கண்ணங்கிட்ட சொல்லிட்டு வாங்க. அது போதும்."

சட்டம் படித்தவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை. என் போனிலும் திறந்து பார்த்தேன், அதே கறுப்புத் திரை. பையை வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் முதல் நாள் காலை, ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் இட்லி. எங்கள் ஊர் இட்லிக்கு வயதான மனிதரின் பிடிவாதம் உண்டு, எளிதில் வளையாது. இங்கே இலையில் விழுந்ததுமே சாம்பாரோடு ஒத்துப்போனது. காபியில் சர்க்கரை வேண்டாம் என்றேன். கடைக்காரர், "கம்மியா போடறேன்" என்று நிறையப் போட்டார். எங்கள் ஊரில் தித்திக்கத் தித்திக்க ஆற்றும் தே தாரிக் டீ குடித்து வளர்ந்தவள் அதற்கு மேல் புகார் சொல்லக் கூடாது.

கல்லூரிக்கு ஷேர் ஆட்டோ. இத்தனை பேர்தான் என்று ஒரு கணக்கு அந்த வண்டிக்கு இருப்பதாகத் தெரியவில்லை. என் மடியில் யாரோ ஒரு அம்மாவின் கீரைக் கட்டு. அவர் என் சேலையைப் பார்த்து, "கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். கருத்தரங்கு என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றார்.

அந்த அம்மா கேட்டதிலும் தப்பில்லை. மேடையில் பொன்னாடை போர்த்தியே ஒரு மணி நேரம் போனது. நுழையும்போது எல்லோருக்கும் ஒரு ஜோல்னாப் பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு புத்தகம், முதல் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஜெராக்ஸ். பதிப்புரிமை பற்றிய புத்தகம்தான். பக்கத்தில் இருந்த பேராசிரியர் கோதண்டத்திடம் அதைக் காட்டினேன். அறுபதை நெருங்கும் மனிதர், சிரிக்கும்போது சத்தம் வராது. "படிக்கறதுக்குத்தானம்மா குடுத்திருக்காங்க, விக்கறதுக்கா?" என்று தோள் குலுங்கினார். அந்த ஒரு கேள்வியை வைத்தே அரை நாள் வாதாடலாம், கல்வித் தேவை, நியாயமான பயன்பாடு என்று. வாதாடவும் செய்தார்கள்.

மதியம் வாழையிலை சாப்பாடு. வத்தக்குழம்பு நன்றாக இருந்தது, ரசம் அதைவிட. கை கழுவும் இடத்தில் கோதண்டத்திடம் ஏழுமலையின் கதையைச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"சாவு ஊர்வலத்துல பாட்டு போட்டிருப்பாங்க. அதான்" என்றார். "எங்க சட்டத்துல ஒரு பிரிவு இருக்கும்மா. மதச் சடங்குல பாட்டு போட்டா மீறல் இல்ல. கல்யாண ஊர்வலமும் அதுல சேத்திதான்னு விளக்கமே எழுதியிருக்கு."

"சாவு ஊர்வலம்?"

"பேர் சொல்லி எழுதல. சடங்குதானன்னு வாதாடலாம், ஜெயிக்கலாம். ஆனா அதெல்லாம் தெருவுல நடக்கற ஊர்வலத்துக்கு. அதையே ஒருத்தன் செல்போன்ல புடிச்சி உலகத்துக்குக் காட்டினா அது சடங்கா ஒளிபரப்பான்னு கேட்டா, எங்க சட்டத்துக்குத் தெரியாது. உங்க சட்டத்துக்கும் தெரியாது."

தெரியாதுதான். மதியம் நான் வாசித்த கட்டுரையும் அதையே பதினெட்டுப் பக்கத்தில் சொன்னது. ஒரே பாட்டின் உரிமையை நாடு நாடாகக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் உரிமை உள்ளவர், 'ஓடட்டும், விளம்பரம் வரட்டும்' என்று வீடியோ தளத்திடம் சொல்லியிருப்பார். மலேசியாவில் உரிமை உள்ளவர், 'மூடு' என்று சொல்லியிருப்பார். யாரும் ஏழுமலையை நினைத்துச் சொல்லவில்லை. எந்திரம் பாட்டைக் கண்டுபிடிக்கும், கதவைச் சாத்தும். உள்ளே இருப்பது கச்சேரியா கருமாதியா என்று அதற்குக் கவலையில்லை. இதையெல்லாம் ஏழுமலைக்கு விளக்கியிருந்தேன். "எனக்குப் புரியுது டீச்சர், எங்கண்ணனுக்குப் புரியணுமே" என்றுதான் அவர் சொன்னார்.

இரண்டாம் நாள் மதியமே கருத்தரங்கு முடிந்துவிட்டது. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, இங்கே வாங்கிய உள்ளூர் சிம்மில் அந்த வீடியோவைத் திறந்தேன். தயக்கமே இல்லாமல் ஓடியது. முதலில் சிமெண்ட் விளம்பரம், பிறகு பந்தல், பிறகு கண்ணாடிப் பெட்டி. நெற்றியில் காசு ஒட்டிய முகம் பெட்டிக்குள் தெரிந்தது. ஏழுமலைக்கு அதே மூக்கு.

நிறுத்திவிட்டேன். மகன் இன்னும் பார்க்காததை நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பது சரியாகப் படவில்லை. அந்தச் சிமெண்ட் விளம்பரத்தின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வீட்டுச் சாவில் யாருக்கோ வருமானம் போகிறது, வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கிறது.

மூன்றாம் நாள் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். பேருந்து நிலையத்தில் கண்ணில் பட்ட முதல் சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது என் தப்பு. கையில் இங்கே மல்லாட்டை என்று விற்கும் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம், ஜன்னலோர இடம், எல்லாம் நன்றாகத்தான் போனது. ஊர் நெருங்கும்போது நடத்துநர் வந்து, "வண்டி உள்ள போகாதும்மா. பைபாஸ்ல எறங்கிக்கோங்க. ஜல்தியா எறங்கணும்" என்றார். இறங்கி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார். வெயிலில், பாலத்துக்கு அடியில், பிஸ்கட் டின்களோடு நானும் ஒரு மாடும் நின்றோம். எங்கள் ஊர் பஸ்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிவிடும், ஆனால் ஒரு வார்த்தை பேசாது. எது தேவலை என்று ஷேர் ஆட்டோ வரும் வரை யோசித்தேன்.

ஸ்டூடியோ கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உரிமையாளர் பாஸ்கர் ஒரு காதுகுத்து ஆல்பத்தில் குழந்தையின் அழுகையை அழித்துக்கொண்டிருந்தார், அதாவது கண்ணீரை. விஷயத்தைச் சொன்னதும் கணினியில் வீடியோவைத் திறந்து காட்டினார்.

"நல்லா ஓடுது பாருங்க மேடம். துபாய்லேர்ந்துலாம் லைக் போட்டிருக்காங்க. அவரு நெட்டு ஸ்லோவா இருக்கும்."

சாவுக்கு எதற்கு லைக் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டேன். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் கையோடு எடுத்துப் போய்விடலாம். அதற்கு எந்த நாட்டு எந்திரத்தின் அனுமதியும் வேண்டாம்.

"தனசேகர் அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும், இப்பவே போட்டுத் தர்றேன். எடுக்கச் சொல்லி காசு குடுத்தது அவரு. அவரக் கேக்காம குடுத்தா நாளைக்கு எனக்குத்தான் பேஜாரு."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அந்தப் படம் சொந்தம். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

மரக்காணம் போகும் டவுன் பஸ்ஸில் பிரம்மதேசம் தாண்டி இறங்கி, கரும்புக் கொல்லை ஓரமாக நடந்தேன். தனசேகரின் வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பந்தல் இன்னும் பிரிக்காமல் நின்றது. அவர் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். தாடியும் முடியும் எடுக்காமல் இருந்தார், கரும காரியம் முடியவில்லை. ஏழுமலையைவிட ஒரு சுற்று பெரிய உடம்பு. மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பையை வைத்தேன். யார் கொடுத்தது என்று சொன்னதும் தனசேகர் அதைத் தொடவில்லை.

"வாங்க, உக்காருங்க, டீ குடிங்க. நீங்க எங்க வீட்டுக்கு வந்தவங்க. ஆனா அவன் பேச்ச மட்டும் எடுக்காதீங்க மேடம்."

எடுக்கத்தானே வந்திருக்கிறேன். அவர் அம்மா வீடியோ மலேசியாவில் ஓடாது, நானே கண்ணால் பார்த்தேன் என்றேன். பாட்டு உரிமை, நாடு நாடாகத் தடை என்று கல்லூரியில் நடத்துவதுபோல் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"படிச்சவங்க நீங்க, அவனுக்காக வந்து பேசறீங்க. சரி. ஆனா துபாயும் வெளிநாடுதான? அங்க ஓடுதே. உலகத்துல எல்லாருக்கும் ஓடுது, எங்கம்மா பெத்த கடைசிப் புள்ளைக்கு மட்டும் ஓடாதா? அவன இங்க வந்து பாக்கச் சொல்லுங்க. அவன் போன கொண்டாரட்டும். எப்படி ஓடாதுன்னு பாக்கறேன்."

அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. என் போனில் மலேசிய சிம்மும் இருந்தது. ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து விமானத்திலிருந்து இறங்கியதுமே அதன் இணையத்தை அணைத்து வைத்திருந்தேன். அந்த சிம் எங்கே இருந்தாலும் அதன் இணையம் எங்கள் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வரும். நான் நிற்பது இந்தப் பந்தலாக இருந்தாலும் அதன் கணக்கில் நான் மலேசியாவில் நிற்கிறேன்.

முதலில் உள்ளூர் சிம்மில் வீடியோவைத் திறந்து அவரிடம் காட்டினேன். சிமெண்ட், பந்தல், பெட்டி. "ஓடுதுல்ல?" என்றார், நான் தோற்றுவிட்டதைப்போல.

"இப்ப இதே போன்தான். எங்க ஊரு சிம்முக்கு மாத்தறேன். பாத்துக்கினே இருங்க" என்றேன். மூன்று நாளில் அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிம்மை மாற்றினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி டீயோடு வந்து நின்றார். பிறகு திரை கறுத்தது. அந்த ஒரு வரி வந்தது. படித்துச் சொன்னேன்.

தனசேகர் போனை வாங்கினார். உள்ளூர் சிம்முக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டு, தானே மாற்றினார். அம்மா வந்தார். மறுபடி மலேசியாவுக்கு மாற்றினார். அம்மா போய்விட்டார். மூன்றாவது தடவை மாற்றவில்லை. பெட்டி வைத்திருந்த இடத்துக்கு நேரே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு மேடம் நிறுத்துனது?"

"பாட்டுக்கு உரிமை வெச்சிருக்கறவங்க."

"எந்தப் பாட்டு?"

"ஊர்வலத்துல ஓடின சினிமாப் பாட்டுன்னு நெனைக்கறேன்."

"அது எங்கம்மாவுக்குப் புடிச்ச பாட்டு" என்றார். "களை எடுக்கறப்பல்லாம் அதத்தான் முணுமுணுத்துக்கினு இருக்கும். ரேடியோ செட்டுக்காரன் வேற ஏதோ போட்டுக்கினு வந்தான். நான்தான் நிறுத்தச் சொல்லிட்டு இதப் போடச் சொன்னேன்." பந்தல் காலிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நானேதான் அவன் பாக்காம பண்ணிட்டனா?"

இல்லை என்றேன். பெற்றவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டது எந்த ஊரிலும் குற்றமாக முடியாது என்றேன். சட்டப்படி அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

"காரியத்தன்னிக்கு ரேடியோ செட்டே வேணாம்னு சொல்லிடறேன். அன்னிக்காவது பாக்கட்டும்" என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. ஒரு வீடு தன் சாவுக்குப் பாட்டை விட்டுக்கொடுத்தால்தான் பிள்ளை பார்க்க முடியும் என்றால் அந்தச் சட்டம் யாருக்கு? செட்டு வையுங்கள், தம்பியை நேராக வீடியோ காலில் கூப்பிடுங்கள், அதை யாரும் சாத்த முடியாது என்றேன். தலையாட்டினார். பாஸ்கருக்குப் போன் போட்டு, "மேடம் வருவாங்க, எல்லாத்தையும் போட்டுக் குடு" என்றார்.

பிறகு ஏழுமலையை அழைத்தார். என் போனில் இல்லை, தன் போனில். அங்கே கடையில் கூட்ட நேரமாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் அந்தப் பக்கம் குரல் கேட்டது, எனக்கே கேட்டது.

"பாத்தேன்டா" என்றார் தனசேகர். "ஓடல. நீ சொன்னது நெசந்தான்." மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, "கேளு. நான் சொல்றேன்" என்றார்.

சொல்ல ஆரம்பித்தார். யார் யார் வந்தார்கள், யார் முதலில் மாலை போட்டது, அம்மாவுக்கு எந்தப் புடவை கட்டினார்கள், கிழக்குத் தெரு வழியாக எடுத்துப் போனது, அத்தை மயங்கி விழுந்தது. சில இடத்தில் அவர் மனைவி, "அது அப்பறம்தான்" என்று திருத்தினார். சுடுகாடு வந்ததும் தனசேகரின் குரல் இறங்கிவிட்டது.

"கொள்ளி வெக்க எனக்கு உரிம இல்லடா. அது ஒன்னுது. தெரிஞ்சிதான் நின்னேன். 'ஏழுமல வெக்கறாம்மா, வாங்கிக்கோ'ன்னு சொல்லித்தான் வெச்சேன். மோளச் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. அதச் சொல்லிட்டு வந்த ஆளுகிட்ட நீ வீடியோ ஓடலங்கற. அதான்டா எனக்கு ஆறல."

அந்தப் பக்கம் ஏழுமலை வாய்விட்டு அழுதார். கடையில் அத்தனை பேருக்கு நடுவில் அழுதிருப்பார். தம்பி அழுது முடிக்கும் வரை தனசேகர் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றார்.